கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க மார்க்குக்கு உதவித்தொகை: எங்கே தேடுவது, என்ன கேட்பது

அறந்தாங்கியில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் தொடங்கி கவுன்சலிங் முடியும்வரை கடையில் உட்கார இடம் இருக்காது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பிரின்ட் அவுட் என்று வருகிறவர்கள் நடுவில் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அக்கா, சி.எஸ். படிக்கணும். மார்க்குக்கு ஸ்காலர்ஷிப் தர்ற காலேஜ் எதுக்கா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் விஷயம், கூகுளில் 'ஸ்காலர்ஷிப் தரும் கல்லூரிகள்' என்று போட்டுத் தேடாதீர்கள். மேலே வருவதில் பாதி விளம்பரம். நம்பரைக் கொடுத்தீர்களோ, அடுத்த ஒரு மாதத்துக்கு ஏஜென்ட்டுகள் மாறி மாறி போன் போடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். கல்லூரி சலுகையைச் சதவீதத்தில் சொல்லும்; நாம் கட்டுவது ரூபாயில். வருஷக் கட்டணம் 2,50,000 வைத்திருக்கும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் நாலு வருஷத்துக்கு ஐந்து லட்சம். கவுன்சலிங்கில் ஒரு சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்தை எடுத்தால், 2017-ல் கட்டணக் குழு வைத்த தொகைப்படி, என்.பி.ஏ. (பொறியியல் பாடங்களின் தரத்தைப் பார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற பாடத்துக்கு வருஷம் 55,000, பெறாததற்கு 50,000. ஒரு பைசா ஸ்காலர்ஷிப் இல்லாமலேயே நாலு வருஷத்துக்கு 2,20,000தான். உங்கள் வருஷத்துக்கான தொகை என்ன என்று கவுன்சலிங் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விடுதி, பஸ் எல்லாம் இரண்டு பக்கமும் தனி.

அதனால் நான் பிள்ளைகளை ஒரு தாளில் கல்லூரிப் பெயரை எழுதி, பக்கத்தில் 'நாலு வருஷத்தில் வீட்டிலிருந்து போகும் பணம்' என்று ஒரே ஒரு கட்டம் போடச் சொல்வேன். சதவீதத்துக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது.

மார்க்குக்குக் கிடைக்கும் பெரிய பரிசு, இடம்

பொறியியல் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200க்கு என்பது எல்லோருக்கும் தெரியும்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அந்த எண் நல்ல உயரத்தில் இருந்தால் யாரும் ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைக்காத ஒரு ஸ்காலர்ஷிப் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி அரசுக் கல்லூரிகள் எல்லாம் அரசுக் கட்டணம்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசுக் கல்லூரியும், பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். ராஜாமடம் என்றால் முகம் சுளிக்கிறவர்கள், ஊர் பேர் தெரியாத தனியார் கல்லூரி 'மெரிட் ஸ்காலர்ஷிப்' என்று ஒரு கடிதம் அனுப்பினால் உடனே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது புரிவதே இல்லை.

பட்டியலில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். பி.எஸ்.ஜி. டெக் மாதிரி அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டு தடவை வரும். ஒன்றின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று ஒட்டியிருக்கும். செல்ஃப் சப்போர்ட்டிங், அதாவது அரசு உதவி இல்லாத பிரிவு. வாசல் ஒன்று, டிகிரி ஒன்று, கட்டணம் மட்டும் வேறு. விருப்பப் பட்டியல் போடும்போது எஸ்.எஸ். இல்லாததை மேலே வையுங்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்து அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்கு எந்த மார்க்கில் இடம் முடிந்தது என்பதை பொறியியல் கவுன்சலிங்குக்கான டி.என்.இ.ஏ. இணையதளத்திலேயே பார்க்கலாம். உங்கள் கட்-ஆஃபுக்கு ஐந்து மார்க் மேலே, ஐந்து மார்க் கீழே உள்ள கல்லூரிகளை எழுதிக்கொண்டு, அவற்றின் கட்டணத்தை மட்டும் தேடுங்கள். ஐநூறு கல்லூரியைப் பார்த்துத் தலை சுற்ற வேண்டாம்.

அரசு தரும் சலுகைகள் இடத்தோடு ஒட்டியே வருபவை. முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. பலர் 'நாங்க பி.பி.எல். இல்லையே' என்று கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், இரண்டு பக்கத் தாத்தா பாட்டி யாரும் பட்டதாரி இல்லை என்றால் போதும். டிப்ளமோ படித்த அண்ணன் இருந்தால் பரவாயில்லை, பி.ஏ. முடித்த அக்கா இருந்தால் கிடையாது. கவுன்சலிங் வழியாக வந்த இடத்துக்கு மட்டும்தான் இது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு, சான்றிதழ் கொடு என்று என்னிடம் வந்து பயனில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணம், விடுதி, போக்குவரத்து எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதாவது ஆர்.டி.இ. வழியாகத் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் சேர்த்திதான். ஆனால் அந்த ஒதுக்கீட்டின் வழியாகக் கிடைத்த இடத்துக்குத்தான் இந்தச் சலுகை. பொதுப் பிரிவிலும் உங்கள் மார்க்குக்கு இடம் வரும்போது, எதை உறுதி செய்கிறோம் என்று நிதானமாகப் பார்த்து அழுத்துங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகள், குடும்ப வருமானம் 2,50,000க்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை விடவே கூடாது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. மாதிரி மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருச்சி என்.ஐ.டி.யில் கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 1,25,000 என்று பார்த்துவிட்டுப் பயந்து பின்வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது முழுதாக விலக்கு. மற்றவர்களுக்குக் குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் முழு விலக்கு, ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. ஐ.ஐ.டி.களிலும் இதே விதி. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் திருச்சியில் பாதி இடம் சொந்த மாநில ஒதுக்கீடு வேறு.

கல்லூரி தன் கையிலிருந்து தருவது

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சொந்தப் பணத்தில் மார்க்குக்குச் சலுகை தரும் கல்லூரிகள் நிஜமாகவே உண்டு. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் பள்ளியில் முதலிடம் பிடிக்கும் கிராமப்புற மாணவர் ஒருவர், மாணவி ஒருவருக்குப் படிப்பு, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் இலவசமாகத் தரும் ஸ்டார்ஸ் திட்டம் இருக்கிறது. மாநில, மத்திய போர்டுகளில் முதலிடம் பெற்றவர்களுக்கு முழு விலக்கு, நுழைவுத் தேர்வில் முதல் பத்து ரேங்க்குக்கு 75 சதவீதம், ஐம்பது வரை 50, நூறு வரை 25 என்று ஜி.வி. பள்ளி வளர்ச்சித் திட்டமும் உண்டு. நூறாவது ரேங்க்குக்கு அப்புறம்? அங்கே ரேங்க்கைப் பொறுத்து ஒரே பாடத்துக்கு ஐந்து கட்டணப் பிரிவு. முதல் பிரிவுக்கும் ஐந்தாவது பிரிவுக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நல்ல ரேங்க் வாங்கி முதல் பிரிவில் வருவதும் ஒருவகைச் சலுகைதான், பெயர்தான் வேறு. சென்னைப் பக்கம் இருக்கும் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் மார்க்குக்கு ஒன்று, மார்க்கும் வருமானமும் சேர்த்துப் பார்த்து ஒன்று, விடுதிச் செலவு உட்பட முழுதாகத் தரும் ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. கணக்கில் பைத்தியமாக இருக்கிற பிள்ளையென்றால் சிறுசேரியில் சென்னை கணித நிறுவனத்தைப் பாருங்கள். கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ். நுழைவுத் தேர்வு கடினம், ஆனால் நன்றாகப் படிப்பவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் 'அது என்ன பாலிடெக்னிக்கா' என்று கேட்கிறார்கள்.

மற்ற கல்லூரிகள் சொல்வது உண்மையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஏஜென்ட்டுகள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குப் போகும் ஒவ்வொரு கல்லூரியும், தான் கொடுத்த தகவல்களை ஒரு பி.டி.எஃப்.ஆகத் தன் இணையதளத்தில் போட வேண்டும். பெரும்பாலும் முகப்புப் பக்கத்தின் அடியில் என்.ஐ.ஆர்.எஃப். என்று சின்னதாக ஒரு இணைப்பு இருக்கும். அதில் மொத்த மாணவர் எண்ணிக்கை வரும் அட்டவணையிலேயே வலது பக்கம் நகர்ந்து பாருங்கள். கல்விக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் மாணவர்கள் மாநில, மத்திய அரசுப் பணத்தில் எத்தனை பேர், கல்லூரியின் சொந்த நிதியில் எத்தனை பேர், தனியார் அமைப்புகளின் பணத்தில் எத்தனை பேர் என்று மூன்று கட்டம் இருக்கும்.

நடுவில் இருக்கும் கட்டம்தான் உங்களுக்கு வேண்டியது. நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் போட்டு 'தகுதியுள்ள அனைவருக்கும் 100 சதவீதம்' என்று சொல்லும் கல்லூரியில், நாலாயிரம் பேர் படிக்கும் இடத்தில், அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் என்ன அர்த்தம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முழுக் கட்டணமும் கிடைத்தவர்களைத்தான் அங்கே எண்ணுவார்கள். பாதி, கால் சலுகை வாங்கியவர்கள் அதில் வர மாட்டார்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்குக் கல்லூரி கொடுத்த அறிக்கையில் 5.1.1 என்ற பகுதியைத் தேடுங்கள். உதவித்தொகை வாங்கியவர்கள் கணக்கு அங்கே இருக்கும். என்.ஐ.ஆர்.எஃப். தாளிலேயே வேலை கிடைத்தவர்கள் எண்ணிக்கையும் நடுத்தரச் சம்பளமும் இருக்கின்றன. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வாசலில் பேனரில் தொங்கும் சம்பளம் ஒருவருக்குக் கிடைத்தது. இது நடுவில் நிற்கும் மாணவருக்குக் கிடைத்தது.

போன் போட்டுக் கேட்பது

தாளில் நாலைந்து கல்லூரி மிஞ்சியதும் அட்மிஷன் ஆபீஸுக்குப் போன் போடுங்கள். அப்பாவையோ மாமாவையோ பேசச் சொல்லாமல், படிக்கப் போகிறவரே பேசுவது நல்லது. முதலில், சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா என்று கேளுங்கள். பிறகு, ஒரு வருஷத்துக்கா, நாலு வருஷத்துக்குமா. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் உண்டா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் கூட்டம் குவியும் பிரிவை விட்டுவிட்டு, இடம் நிரம்பாத பிரிவுகளுக்கு மட்டும் சலுகை தருகிற இடங்கள் இருக்கின்றன. ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஐ.டி. எல்லாம் 'சி.எஸ். சார்ந்தது' என்று எடுத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். கவுன்சலிங்கில் வந்தாலும் தருவீர்களா, நேரடியாகச் சேர்ந்தால்தானா என்பது அடுத்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் எதிர்முனையில் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

கடைசியாக, தொடர்ந்து கிடைக்க என்ன நிபந்தனை. எத்தனை சி.ஜி.பி.ஏ. வேண்டும், ஒரு அரியர் விழுந்தால் போய்விடுமா, அரியரை முடித்தால் திரும்ப வருமா.

என் கடைக்கு வந்த ஒரு பையனுக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் இவ்வளவு கேட்கச் சொல்கிறேன் என்று புரியும். கட்-ஆஃப் 180க்கு மேல். ஒரு கல்லூரி 'நூறு சதவீத மெரிட் ஸ்காலர்ஷிப்' என்று சொல்லி, கவுன்சலிங்குக்கு முன்னாலேயே சேர்த்துக்கொண்டது. டியூஷன் ஃபீஸ் பூஜ்யம், சொன்னபடிதான். ஆனால் விடுதி கட்டாயம். திறன் பயிற்சிக்கு, லேப்டாப்புக்கு, சீருடைக்கு என்று தனித்தனி ரசீது. இரண்டாவது செமஸ்டரில் கணக்கில் ஒரு அரியர் வந்தது. மூன்றாவது செமஸ்டரிலிருந்து முழுக் கட்டணமும் கேட்டார்கள். அவன் அம்மா என்னிடம் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து, "இதுல எங்கம்மா அப்படிப் போட்டிருக்கு?" என்று கேட்டார். போட்டிருக்கவில்லை. 'கல்லூரி விதிகளுக்கு உட்பட்டது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த விதிகளை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

ஆகையால், போனில் சொன்னதையெல்லாம் கல்லூரியின் மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதி, 'இது சரியா' என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். பதில் வராத கல்லூரியைத் தாளிலிருந்து அடித்துவிடலாம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இழுத்தடிக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. கவுன்சலிங் முடியும் முன்பே அசலைக் கேட்கும் இடத்தில் ஜெராக்ஸ் கொடுங்கள், போதும்.

கல்லூரிக்கு வெளியே இருந்து வருவது

சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பவை சில. மத்திய அரசின் தேசிய ஸ்காலர்ஷிப் போர்டலில் போர்டு தேர்வில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் 4,50,000க்குள் இருந்தால், முதல் மூன்று வருஷம் 12,000, நாலாவது வருஷம் 20,000. பெண் பிள்ளைகள் இதற்கு முன்னால் பிரகதியைப் பாருங்கள்: ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகரித்த கல்லூரியில் முதல் வருஷம், வருமானம் எட்டு லட்சத்துக்குள், வருஷம் 50,000. ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. மாற்றுத்திறனாளிகளுக்கு இதே மாதிரி சாக்ஷம் இருக்கிறது. இவற்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். பன்னிரண்டாயிரத்தை முதலில் பிடித்துக்கொண்டு ஐம்பதாயிரத்தை விட்டுவிடாதீர்கள்.

தனியாரில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் முதல் வருஷ மாணவர்களுக்கு ஆன்லைனில் ஒரு திறன் தேர்வு வைத்து, படிப்பு முடிவதற்குள் மொத்தம் இரண்டு லட்சம் வரை தருகிறது. வருமான வரம்பு 15 லட்சம் என்பதால் 'நமக்குக் கிடைக்காது' என்று நினைக்கும் நடுத்தரக் குடும்பமும் முயற்சி செய்யலாம். அமேசானின் ஃப்யூச்சர் எஞ்சினியர் உதவித்தொகை கம்ப்யூட்டர் சயின்ஸும் அதைச் சார்ந்த பாடங்களும் எடுக்கும் பெண்களுக்கென்றே இருப்பது. ஃபவுண்டேஷன் ஃபார் எக்ஸலன்ஸ் என்ற அமைப்பு, கவுன்சலிங் வழியாக மெரிட்டில் சேர்ந்தவர்களை மட்டுமே எடுக்கும். மேனேஜ்மென்ட் இடத்துக்குப் போகாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். 'இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப் 80,000' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி வருகிறவர்களுக்கு: அது இயற்பியல், வேதியியல், கணிதம் மாதிரி அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கிடையாது.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும். ரிசல்ட் வந்த பிறகு எடுக்க வந்தால் எல்லோரும் அதே வாரம் வருவார்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் உங்கள் விண்ணப்பம் வரிசையில் நிற்கும். ஏப்ரல் கடைசியிலேயே வருமானம், முதல் பட்டதாரி, சாதி, இருப்பிடம் நான்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சான்றுக்கு 60 ரூபாய்தான் கட்டணம். பெயரும் இனிஷியலும் ஆதாரில், மார்க் ஷீட்டில், வங்கிப் புத்தகத்தில் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் ஒன்றில் முழுதாகவும் இன்னொன்றில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும். ஆதாரை வங்கியில் கொடுத்திருப்பது மட்டும் போதாது; அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்கோடுதான் ஆதார் சீடிங் (அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று காட்டும் இணைப்பு) ஆகியிருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது எங்கோ திறந்து மறந்துபோன பழைய கணக்குக்குப் பணம் போய், அது செயலற்றுக் கிடப்பதால் திரும்பிப் போவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. எந்த வங்கியோடு சீடிங் இருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டு ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். தேசிய ஸ்காலர்ஷிப் போர்டலில் ஒருமுறைப் பதிவுக்கு முகத்தைக் காட்டி உறுதி செய்ய வேண்டும். அப்பாவைச் சான்றிதழோடு அனுப்பிவிட்டு நீங்கள் விடுதியில் இருந்தால் வேலை நடக்காது.

விண்ணப்பித்ததும் கல்லூரியில் அதைச் சரிபார்க்கும் அலுவலர் யார் என்று கேட்டு, அவரிடம் போய் நில்லுங்கள். அவர் தன் கணினியில் ஒப்புதல் தராவிட்டால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். இரண்டாம் வருஷம் புதுப்பித்தலை நீங்களேதான் போட வேண்டும், தானாக நடக்காது. புது வருமானச் சான்று, முந்தைய வருஷ மார்க், கட்டிய ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு, போர்டல் திறந்த முதல் வாரத்திலேயே வாருங்கள். கடைசி நாள் ராத்திரி சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.